துண்டுக்குள் பதினைந்து

மாட்டுத் தரகர் செங்கோடனுக்கு அறுபத்திரண்டு வயது. அவருடைய குருவுக்கு நாற்பத்தொன்று.

சந்தைக்குப் பின்புறம் பாழாய்க் கிடந்த மடத்தில் பன்னிரண்டு வருஷமாகத் தனியே இருக்கும் பெண்மணி அவர். பெயர் யசோதை. ஊரார் தாயி என்பார்கள். லாரி நிறுத்த இடம் வேண்டுமென்று அந்த மடத்தை விலை பேசப் போனவர்தான் செங்கோடன். மூன்று நாள் பேசினார். கத்தினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார், மறுபடி உள்ளே வந்தார். பேரம் படியவில்லை. தன்னிடம் படியாத முதல் ஆள் என்பதற்காகவே அன்றிலிருந்து சீடராகிவிட்டார்.

அந்தத் திங்கட்கிழமை வரும்போதே அவருக்கு மூக்கு விடைத்திருந்தது.

"தாயி, ஒரே கேள்வி. பதிலைச் சொல்லிப்போடுங்க, நான் போகோணும்."

தாயி மாட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.

"கேளுங்க தரகரே."

"சரக்குக்கு விலை எத்தனை ஏறினா ஒரு குடிகாரன் குடியை விடுவான்?"

"யாரு, மாதேசுங்களா?"

"பேரைச் சொல்லாதீங்க. நான் பொதுவாக் கேக்கறேன்."

தாயி வாளியை மறுபடி கிணற்றுக்குள் இறக்கினார்.

செங்கோடன் பொதுவாகக் கேட்கவில்லை. மாதேசு அவருக்கு ஒரே மகன், வயது முப்பத்திநாலு. ஆடி மாதம் மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்வீடு போய்விட்டாள். போன வாரம் டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்கில் பிடித்துக் காட்டி, ஈரல் வீங்கிக் கிடக்கிறது, இன்னும் ஒரு வருஷம் இப்படியே குடித்தால் என்னிடம் கூட்டி வராதீர்கள் என்று சொல்லிவிட்டார்.

அதே சமயத்தில்தான் மது மீதான வரியை உயர்த்தலாமா என்று அரசாங்கம் ஊர் ஊராகக் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் இந்த ஊரில் கூட்டம். ஆளுக்கொன்றாகக் கத்தாதீர்கள், ஊர் சேர்ந்து ஒரே எண்ணாக எழுதிக் கொடுங்கள், புதன் மதியம் மேலே அனுப்புகிறேன் என்று அதிகாரி சொல்லியிருந்தார். நூறு வாயை ஒரு எண்ணில் கொண்டுவந்து நிறுத்த இந்த ஊரில் ஒரே ஆள்தான். செங்கோடனைப் பேச்சுக்கு நடுவராகப் போட்டிருந்தார்கள்.

"இது சாமி பார்த்துக் கொடுத்த வாய்ப்பு தாயி. எந்த எண்ணைச் சொன்னா அவன் கைக்கு எட்டாதோ, அந்த எண்ணுக்கு ஊரையே இழுத்துட்டு வந்துருவேன். எண்ணு மட்டும் தெரியோணும்."

"எனக்கு ஒரு கன்னுக்குட்டி விலைகூடத் தெரியாதுங்க. நாப்பது வருஷமா விலை பேசறவரு நீங்க. போய்க் கேட்டுட்டு வாங்க."

"யாரை?"

"விலை சொல்றவங்களை."

கல்யாண மண்டபத்தில் கூட்டம். மைக்கைப் பிடித்தவர்கள் விடவில்லை.

வரி அதிகாரி, "அரசின் நோக்கம் வருமானம் அல்ல, குடியைக் குறைப்பதே" என்று எழுதி வைத்துப் படித்தார்.

பார் குத்தகைக்காரர் ரங்கராசு, "ஏழை உழைப்பாளி உடம்பு வலிக்கு ஒரு வாய் குடிக்கிறான், அவன் மடியில் கை வைக்கிறீர்களே" என்று கண்ணைத் துடைத்தார். ஒரு பைசா ஏற்ற விடமாட்டாராம்.

மகளிர் குழுத் தலைவி சரோஜினி, "ஐம்பது சதவீதம் ஏத்துங்க. பழகினவன் விடறானோ இல்லையோ, புதுசா ஆரம்பிக்கிற பசங்களாவது ரெண்டு தடவை யோசிப்பாங்க" என்றார். பெண்கள் பக்கம் கைதட்டல் கூரையைத் தூக்கியது.

பின்வரிசையில் ஒருவன் தள்ளாடி எழுந்தான். "வரி கட்டறது நாங்க! நாட்டைத் தாங்கறது நாங்க! எங்களுக்கு மட்டும் உக்கார ஒரு சேர் இல்லை!"

மண்டபமே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். செங்கோடன் சிரிக்கவில்லை. அவன் மாதேசுவோடு குடிக்கிறவன்.

மூன்று மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் எழுந்துபோய் மைக்கை அணைத்தார்.

"மைக்கிலே பேசினா ஒரு காளைகூட விக்காது. ஒவ்வொருத்தரா உள்ரூமுக்கு வாங்க. துண்டு போட்டுப் பேசலாம்."

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. தரகர் எதிராளியின் கையைப் பிடித்து அதன் மேல் துண்டைப் போட்டு மூடிக்கொள்வார். உள்ளே விரல் பிடிப்பதுதான் பேச்சு. ஒரு விரல் என்றால் பத்து, விரலில் பாதி பிடித்தால் ஐந்து. சம்மதமென்றால் அமுக்க வேண்டும். இல்லையென்றால் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அதனாலேயே துண்டுக்குள் பொய் குறைவு.

வரி அதிகாரி முதலில் வந்தார். செங்கோடன் ஐந்து விரலையும் பிடித்தார். அதிகாரி சுட்டதுபோல் கையை இழுத்தார். நான்கு, இழுத்தார். மூன்று, இழுத்தார். பிறகு அவரே செங்கோடனின் ஒன்றரை விரலைப் பிடித்து அமுக்கினார். காதருகே குனிந்தார்.

"அதுக்கு மேலே போனா விற்பனை படுத்துரும். படுத்துதுன்னா என்னைத்தான் கேப்பாங்க."

ரங்கராசு வந்தார். அழுத கண் காய்ந்திருந்தது. அவரும் ஒன்றரை விரலில் அமுக்கிவிட்டார்.

"ஏனுங்க, ஒரு பைசா ஏத்த விடமாட்டேன்னீங்க?"

"எல்லா ஊர்லயும் ஏத்தறாங்கன்னா எனக்கென்ன நட்டம்? அதோட சேத்து நானும் ரெண்டு ரூபா ஏத்திக்குவேன். ஆளு எங்க போயிருவான்?"

சரோஜினி வந்து துண்டைப் பார்த்தார். "எனக்கு அதெல்லாம் வேண்டாம். நான் வெளியிலே என்ன சொன்னேனோ அதேதான் உள்ளேயும். ஐம்பது."

அவரைப் படிய வைக்கத்தான் செங்கோடனுக்கு வியர்த்தது. ஐம்பது என்று கேட்டால் மேலே குப்பையில் போடுவார்கள் என்றார். காட்டுக்குள் அடுப்பு எரியும், விஷச் சாராயம் வரும், நாலு பேர் கண் போகும் என்றார். ஒரு கட்டத்தில் மேசையை ஓங்கித் தட்டினார். சரோஜினி சுவரையே பார்த்தார்.

"சரி. பதினஞ்சாவது ஏத்துங்க. ஏத்தாம விடறதுக்கு இது மேல்."

மாலையில் செங்கோடன் மைக்கில் பதினைந்து என்று சொன்னதும் எல்லாத் தரப்பும் கைதட்டின. அதிகாரி சால்வை போர்த்தினார். இத்தனை பேரை இத்தனை சீக்கிரம் படிய வைத்தது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சால்வையோடு நேராக மடத்துக்கு நடந்தார்.

"முடிச்சுட்டேன் தாயி. பதினஞ்சு. ஒருத்தர்கூட முகம் சுளிக்கலை."

"எல்லார்கிட்டயும் கேட்டுட்டீங்களா?"

"அதிகாரி, கடை, பொம்பளைங்க. வேற யாரு இருக்காங்க?"

"குடிக்கிறவரு?"

செங்கோடனுக்குச் சுர்ரென்று ஏறியது. "அந்த நாயோட கையையா பிடிக்கச் சொல்றீங்க? அவனுக்கு என்ன தெரியும் விலை?"

"கொடுக்கறது அவருதானுங்களே."

செங்கோடன் சால்வையை உருவிச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டார்.

ஆனால் மறுநாள் காலையில் மகனிடம் போனார்.

மாதேசு மாட்டுக்கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தான். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அப்படியும் டீ தளும்பி முழங்காலில் சிந்திக்கொண்டிருந்தது. கடை திறக்கும்வரை அந்தக் கை அப்படித்தான் ஆடும்.

"மாதேசு, கையைக் குடு."

மாதேசு பின்னால் நகர்ந்தான்.

"அடிக்கறதுக்கில்லடா. குடு."

ஆறு வருஷமாக மகன் மீது அவர் கை பட்டதெல்லாம் அடிக்கும்போதுதான். துண்டைப் போட்டு மூடினார். உள்ளே மாதேசுவின் கை ஈரமாக, எலும்பாக இருந்தது.

மாதேசு சிரித்துவிட்டான். "என்னுங்கப்பா இது? என்னைய விக்கறீங்களா, வாங்கறீங்களா?"

"வாயை மூடு. வரி ஏறப் போவுது. நான் விரல் பிடிக்கறேன். அந்த விலை ஏறினாலும் குடிப்பேன்னா அமுக்கு. முடியாதுன்னா கையை இழு. பொய் சொன்னாக் கொன்னுபோடுவேன்."

ஒன்றரை விரல். மாதேசு அமுக்கினான்.

மூன்று விரல். அமுக்கினான்.

ஐந்து. அமுக்கினான்.

"இனி ஒரு விரலுக்கு நூறு. இது நூறு. ரெட்டை விலைடா!"

அமுக்கினான்.

"இருநூறு. வண்டியை விக்கோணும்."

அமுக்கினான்.

"ஐந்நூறு! வீட்டை விக்கோணும்டா, உங்கம்மா இருந்த வீடு!"

அந்தக் கை அமுக்கியது. செங்கோடனுக்கு அதற்குமேல் பிடிக்க விரல் இல்லை.

"ஒரு தடவையாவது இழுடா!"

மாதேசுவின் முகத்திலிருந்து சிரிப்பு போயிருந்தது.

"இழுக்கத்தானுங்கப்பா பாக்கறேன். வர மாட்டேங்குது."

அன்று புதன்கிழமை, சந்தை நாள். மடத்து மதிலுக்கு அந்தப் பக்கம் மாடுகள் கத்திக்கொண்டிருந்தன. மதியத்துக்குள் கொடுக்க வேண்டிய தாள் செங்கோடனின் சட்டைப் பையில் இருந்தது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

"எல்லாத்துக்கும் சரிங்கறான் தாயி. பதினஞ்சுக்கும் சரி, ஐந்நூறுக்கும் சரி."

"அந்த மாதிரி வாங்கறவங்களைப் பாத்திருக்கீங்களா?"

"எங்க பாக்கறது? வாங்கறவன்னா முறைப்பான். பல்லைப் பிடிச்சுப் பாத்துட்டு நொட்டை சொல்லுவான். கையை உதறிட்டு டீக்கடைக்குப் போவான். எந்த விலைக்கும் சும்மா நிக்கறவன் வாங்கறவனே இல்லீங்க."

"சந்தையிலே எந்த விலைக்கும் சும்மா நிக்கறது எதுங்க?"

செங்கோடன் சட்டென்று பதில் சொல்ல வாயெடுத்தார். மதிலுக்கு மேலாக அவர் பார்வை போனது. அங்கே இரண்டு பேர் துண்டுக்குள் கைவிட்டு நின்றார்கள். அவர்களுக்கு நடுவே ஒரு செவலைக் காளை கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தது.

அவர் கழுத்து நரம்பு புடைத்தது.

"அப்ப என் பையனை நானே தரகு பேசி வித்துட்டேங்கறீங்களா? ஊரு நல்லதுக்குப் பேசினேன்! அந்தச் சரோஜினி சொன்னாங்கல்ல, புதுசா வர்ற பசங்க யோசிப்பாங்கன்னு, அது பொய்யா?"

"பொய்யில்லீங்க. நல்லாத்தான் பேசியிருக்கீங்க. தாளைக் கொண்டுபோய்க் கொடுங்க."

"கொடுத்துட்டு?"

தாயி வாளியைக் கீழே வைத்தார்.

"எனக்குச் சந்தை வழக்கம் தெரியாது தரகரே. துண்டை எடுத்ததும் மாடு கைமாறிருமா?"

"அதெப்படி? பேச்சு வேற, மாடு வேற. வித்தவன் தன் கயித்தை அவுத்துக்குவான். வாங்கினவன் புதுக் கயிறு போடுவான். அப்பத்தான் மாறுது. அதுவரைக்கும் அது வித்தவன் மாடுதான்."

"பேசி முடிச்சப்பறம், வேண்டாம்னு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனவங்க உண்டா?"

"உண்டு. நாலு பேரு காறித் துப்புவாங்க. அன்னைக்குப் பொழப்பெல்லாம் கெடும். வழி நெடுக இழுத்துட்டுத்தான் போகோணும், பாதி மாடு நடக்காது, படுத்துக்கும். ஆனாக் கூட்டிட்டுப் போலாம். யாரும் தடுக்க முடியாது."

தாயி அவர் கையைப் பார்த்தார்.

"மாதேசோட கயிறு இப்ப யாரு கையிலே இருக்குதுங்க?"