சாமை விழுங்கிய கூவல்

ஏரிக்கரைக் கருவேலங்காட்டில் ஏழு தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வாழ்ந்தன. சருகைக் கிளறிப் புழு தின்பது அவற்றின் வேலை. வாய் ஓயாமல் சளசளப்பது பொழுதுபோக்கு.

ஆனால் ஒரு விஷயத்தில் அவை வெகு கண்டிப்பு. ஆறு குருவிகள் கீழே மேயும்போது ஒன்று மரக்கிளையில் காவல் இருக்க வேண்டும். வல்லூறு தென்பட்டால் அது வீறிட்டுக் கூவும். மறுகணமே எல்லாம் முள்புதருக்குள் பாய்ந்துவிடும். முறை வந்தால் யாரும் தட்டக் கூடாது. பசி என்றாலும் சரி, சோம்பல் என்றாலும் சரி.

அந்தக் கூட்டத்தில் சாமை என்றொரு குருவி இருந்தது. அதன் கண்ணும் காதும் படு கூர்மை. வாயும் அப்படித்தான்! புளியமரத்தில் ஒரு கிழட்டு மைனா எந்நேரமும் தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கும். "ஏய் பித்து! இன்னைக்கு யாரோட சண்டை?" என்று சாமை கேட்கும். மற்றவை விழுந்து விழுந்து சிரிக்கும்.

ஒரு மழைக்காலத்தில் அதே நோய் சாமைக்கும் வந்தது. யாருமில்லாத புதரிலிருந்து குரல்கள் கேட்டன. "வந்துட்டான்! வந்துட்டான்!" என்று அவை அலறின. காவல் கிளையிலிருந்து சாமையும் அலறியது. எல்லாம் ஓடி ஒளிந்தன. வானத்தில் ஒரு கொக்குகூட இல்லை. மறுநாளும் இதே கதை. நாளுக்குப் பத்துத் தரம் ஓடி ஒளிந்தால் வயிறு எப்படி நிறையும்?

"சாமைக்குப் பித்து புடிச்சிருச்சு!" என்றது கூட்டத் தலைவன் வரகு.

அது சொன்னது ஒரே ஒரு தடவைதான். காடு முழுக்கப் பரவிவிட்டது. அதன்பின் யார் தவறிக் கூவினாலும், "என்ன, சாமைக் கூவலா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். சாமையைக் கண்டாலே அணில்கள் மரத்தின் மறுபக்கம் போய் ஒளிந்துகொண்டன.

தங்கை தினை மட்டும் அக்காளை விடவில்லை. செம்போத்து வைத்தியரிடம் அழைத்துப் போனது. தாய்க்குருவி அசந்த நேரத்தில் குஞ்சைத் தின்கிற வைத்தியர்தான் அவர். ஆனாலும் கைராசிக்காரர் என்று பேர்.

"இது ஒரு நோய், அவ்வளவுதான்!" என்றது செம்போத்து. "இந்தக் கசப்புப் பட்டையைத் தினமும் தின்னு. நல்லா ஆயிட்டோம்னு நிறுத்திடாதே. எப்பவாச்சும் ஒரு குரல் எட்டிப் பார்க்கும். அப்ப அணிலைப் பாரு. அணில் வால் சிலிர்த்து அப்படியே உறைஞ்சு நின்னா, வல்லூறு நிஜம். அது பாட்டுக்குக் கொறிச்சுக்கிட்டு இருந்தா, அது உன் நோய். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது," என்றது சாமை.

பட்டையைத் தினமும் தின்றது. கோடை வருவதற்குள் குரல்கள் அடங்கின. என்றைக்காவது ஒன்று கேட்டால் அணிலைப் பார்த்துக்கொண்டது. உடம்பு தேறியது.

மனசு தேறவில்லை. புழு கிடைத்தால் மற்றவை தின்று முடிக்கும்வரை சாமை காத்திருந்தது. ஒரே கிளையில் எல்லாம் ஒட்டி உட்காரும்போது அது மட்டும் நான்கு சாண் தள்ளி உட்கார்ந்தது. யாராவது "சாமைக் கூவல்" என்று கேலி பேசினால், எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது சாமைதான். பாவம், வேறு என்ன செய்யும்!

ஒருநாள் தினை அதன் இறகைக் கோதிவிடப் போனது.

"தொடாதே தினை! நான் பித்து."

"யாரு சொன்னா அக்கா? உனக்குத்தான் நல்லாயிருச்சே!"

"யாரு சொல்லணும்? மைனாவை நானே எத்தனை நாள் சொல்லியிருக்கேன்! அது பித்துன்னா நான் யாரு?"



காவல் முறை வரும்போதெல்லாம் சாமை நழுவியது. தினை அக்காளின் முறைக்கும் சேர்த்துக் காவல் நின்றது. மேய நேரமில்லாமல் துரும்பாக இளைத்தது. வரகு பார்த்தது. ஒரு பகலில் பொறுமை இழந்தது.

"சாமை! உன் முறைக்கு நீதான் நிக்கணும்! தங்கச்சியைப் பாரு, எலும்பும் தோலுமா நிக்குறா!"

"அண்ணே, வேண்டாம்ணே! என் கண்ணையும் காதையும் நம்ப முடியாது."

"ஆறு மாசமா நீ ஒரு பொய்க் கூவல் கூவலை. நாங்க நம்புறோம். ஏறு!"

இந்த வார்த்தையை ஆறு மாதம் முன்பே சொல்லியிருந்தால் வாயா வலித்திருக்கும்? அன்றைக்குத்தான் சொல்லத் தோன்றியது.

சாமை கிளையில் ஏறியது. மற்ற ஆறும் கீழே சருகைக் கிளறின. தினைக்கு அகோரப் பசி. புழுவைத் துரத்திக்கொண்டே புதரைவிட்டு வெகுதூரம் வெட்டவெளிக்குப் போய்விட்டது.

அப்போது எதிரே வேப்பமரத்தில் ஓர் இலைக்கொத்து அசைந்தது. காற்றே இல்லை. இலைகளுக்கு நடுவே இரண்டு சிவந்த கண்கள். வல்லூறு!

சாமை அணிலைப் பார்த்தது. அணில் வால் சிலிர்த்து, கொறித்த கொட்டை வாயில் இருக்க, அப்படியே உறைந்து நின்றது.

கூவ வேண்டியதுதான் பாக்கி. சாமையின் அலகு திறந்தது.

'இரு,' என்றது அதன் மனசு. 'நீ பார்த்தது எப்படி நிஜமா இருக்கும்? நீதான் பித்தாச்சே! அணில் உன்னைப் பார்த்துப் பயந்து நிக்குது. பித்துப் புடிச்சது காவல் உட்கார்ந்தா யாருக்குத்தான் பயம் வராது? கூவாதே. எல்லாரும் சிரிப்பாங்க.'

சாமை கூவலை விழுங்கியது.

வல்லூறு விருட்டென்று இறங்கியது. தினை ஒரே ஒரு தடவை "அக்கா!" என்றது. வல்லூறு அதைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கு அப்பால் போய்விட்டது. வெட்டவெளியில் நாலைந்து சாம்பல் இறகுகள் கிடந்தன.

மற்ற குருவிகள் சாமையைச் சூழ்ந்துகொண்டன.

"வல்லூறை நீ பார்க்கலையா?" என்று வரகு கத்தியது.

"பார்த்தேன்."

"அணில்?"

"உறைஞ்சு நின்னுச்சு."

"அப்புறம் ஏன் கூவலை?"

"நான் பித்தாச்சேண்ணே! பித்துக் கண்ணுல பட்டதை யாராவது நம்புவாங்களா?"

வரகுவின் கோபம் இருந்த இடம் தெரியாமல் போனது.

"அந்த வார்த்தையை முதல்ல சொன்னது நான்தான். தப்புப் பண்ணிட்டேன் சாமை."

"நீ ஒரு தடவைதான் சொன்னே. நான் தினம் நூறு தடவை சொல்லிக்கிட்டேன்," என்றது சாமை.

அன்று யாரும் மேயவில்லை. மறுநாளும் சரியாக மேயவில்லை. ஆனால் வயிறு யாருக்காகவும் காத்திருக்காது. நான்காம் நாள் மீண்டும் சாமையின் முறை வந்தது. அது முள்புதரின் அடியில் போய் ஒடுங்கிக்கொண்டது. வரகு அதட்டவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

"நீ கூவ வேண்டாம். என்கூட வந்து உட்காரு. கண்ணுல பட்டதை என் காதுல சொல்லு. கூவுறது என் பாடு."

சாமை வெகுநேரம் தயங்கியது. பிறகு ஏறியது. இரண்டும் ஒட்டி உட்கார்ந்தன. கீழே நான்கு குருவிகள் மேய்ந்தன. எளிதாக இரை கிடைத்த இடத்தை எந்த வல்லூறு மறக்கும்?

"அண்ணே, அந்தக் கருவேலங்கிளையில..." என்று சாமை முணுமுணுத்தது. "இல்லை, ஒண்ணுமில்லை. என் பிரமை."

அது சொல்லி முடிக்கும் முன்பே வரகு வீறிட்டுக் கூவியது! ஆறு குருவிகளும் புதருக்குள் பாய்ந்தன. வல்லூறின் நகங்கள் வெறும் புழுதியைக் கீறின. அது ஏமாந்து பறந்து போனது.

"சாமை சொன்னது சரி! சாமை சொன்னது சரி!" என்று புதருக்குள் ஒரே ஆரவாரம்.

சாமை மட்டும் துள்ளவில்லை. முள்ளிடுக்கு வழியே அந்த வெட்டவெளியைப் பார்த்தது.

"அன்னைக்கும் நான் சரியாத்தான் பார்த்தேன்," என்றது.

நோயைவிடக் கொடியது, நோயாளிக்கு ஊர் வைத்த பேரைத் தன் பேர் என்று அவரே நம்பிவிடுவது.