மாசானத்தின் முழங்கால்

"அந்த மாசானத்தை இனிமே தோப்புக்குள்ள விடக் கூடாது சாமி."

ஆவுடையப்பன் மூச்சிரைக்கச் சொன்னார். ஓய்வுபெற்ற தாசில்தார். மன அமைதி வேண்டும் என்று ஆற்றங்கரை மடத்தில் சீடராகச் சேர்ந்தவர். அமைதி வந்தபாடில்லை. குருவுக்குத் தன்னைவிட வயது குறைவு என்பது வேறு உறுத்திக்கொண்டே இருந்தது.

சாமி வாழைக்கு மடை திறந்துகொண்டிருந்தார். துவைத்துக் கட்டிய காவி வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். கணுக்கால் வரை சேறு.

மாசானம் மடத்துத் தோப்பில் தேங்காய் பறிப்பவர். அதை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை.

அப்படி என்ன செய்துவிட்டார் என்று சாமி கேட்டார்.

ஆவுடையப்பன் கொட்டித் தீர்த்தார். பெரியவர்களைக் கண்டால் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுவது ஊர் வழக்கம். தாலுகா ஆபீசில் இவர் ஜீப்பை விட்டு இறங்கினால் வராந்தா முழுக்க வேட்டிகள் இறங்கும். இந்த மாசானம் நேருக்கு நேர் பார்த்தும் அப்படியே நிற்கிறானாம். தினமும்.

"தூக்கம் போச்சு சாமி. கண்ணை மூடி ஜபத்துல உக்காந்தா கடவுள் வரல. அவன் முழங்கால்தான் வருது."

சாமி சிரிக்கவில்லை. பாவம், மனுஷன் நிஜமாகவே தவித்துப்போயிருந்தார்.

"வேட்டியை இறக்கிவிட்டா சரியாப் போயிருமா?"

"போயிரும்."

சாமி மண்வெட்டியை வரப்பில் சாய்த்தார். மடிப்பை அவிழ்த்தார். காவி வேட்டி சேற்றில் விழுந்து நனைந்தது. இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு ஆவுடையப்பன் முன்னால் நின்றார்.

"இப்ப தூக்கம் வருமா, ஐயா?"

ஆவுடையப்பன் பதறிவிட்டார். ஐயோ, சேறு, சேறு என்றபடி குருவின் வேட்டியைத் தூக்கிப் பிடிக்கக் குனிந்தார்.

குனிந்தபோதுதான் தன்னுடைய இரண்டு முழங்கால்களும் அவர் கண்ணில் பட்டன. ஓடிவருவதற்காக மடித்துக் கட்டியதை அவர் இறக்கவே இல்லை. குருவின் முன்னால் இத்தனை நேரமும் அப்படியேதான் நின்றிருந்தார்.

அவசர அவசரமாக வேட்டி மடிப்பைத் தேடினார்.

சாமி மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

"தோப்புக்குள்ள வரக் கூடாதுன்னு இப்ப யார்ட்ட சொல்லணும், ஐயா?"