மேல் வீட்டு ஜன்னல்

ஏரிக்கரையில் ஒரு பெரிய மருதமரம் இருந்தது. அதில் நான்கு வீடுகள். உச்சிப் பொந்தில் ஆந்தை குடியிருந்தது. அதற்குக் கீழே கிளி. கிளிக்கு நேர் கீழே அணில். பக்கக் கிளையில் மைனா. பொந்து அவரவருக்குச் சொந்தம். அடிமரமும், கிளை பிரிகிற கவட்டையும் எல்லோருக்கும் பொது. பல வருஷமாக இப்படித்தான் நடந்து வந்தது.

அந்த மரத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பாம்பையோ பருந்தையோ முதலில் பார்க்கிறவர் குரல் கொடுக்க வேண்டும். பருந்து என்றால் ஒரு மாதிரிக் குரல், எல்லோரும் உள்ளே போய்விட வேண்டும். பாம்பு என்றால் வேறு மாதிரிக் குரல், எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். சண்டையாக இருந்தாலும் சரி, பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தாலும் சரி, குரல் மட்டும் நிற்காது.

பகல் முழுக்க மரத்தில் ஏறி இறங்குகிறவள் அணில் வரியாள்தான். அதனால் பெரும்பாலும் அவள்தான் குரல் கொடுப்பாள்.

சித்திரை மாதம் வரியாள் மூன்று குட்டி போட்டாள். மூன்றும் கண் திறக்காத பச்சைக் குட்டிகள். அதே வாரம் பார்த்து மேல் வீட்டுக் கிளி செவ்வலகன் தன் வீட்டுக்கு ஜன்னல் வைக்க ஆரம்பித்தான்.

அவன் வாசல் கிழக்கே இருந்தது. சாயங்காலம் ஏரியில் வெயில் மின்னுவதைப் படுத்தபடியே பார்க்க வேண்டுமாம். அதற்காக மேற்குச் சுவரை நாள் முழுக்க அலகால் கடித்துத் துப்பினான். மரத்தூள் விரிசல் வழியே குட்டிகளின் மேல் உதிர்ந்தது. வரியாள் மேலே போனாள்.

"அண்ணே, ஒரு நிமிஷம்."

"வேலையா இருக்கேன், தெரியலையா?"

"மேற்குப் பக்கம் ஓட்டை போடுறீங்களே, கோடை மழை அந்தப் பக்கந்தானே அடிக்கும்? உங்க தரையில ஒரு விரிசல் இருக்கு. தண்ணி நேரா எங்க வீட்டுக்குத்தான் இறங்கும். புள்ளைங்க இன்னும் கண்ணு திறக்கல."

செவ்வலகன் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்த்தான். "இப்ப மழை பெய்யுதா?"

"இல்ல."

"தண்ணி இறங்குதா?"

"இல்லண்ணே, ஆனா..."

"பெய்யாத மழைக்கும் இறங்காத தண்ணிக்கும் நான் வேலையை நிறுத்தணுமா? என் வீடு, என் இஷ்டம். நீ போயி உன் வீட்டைப் பாரு."

பேச்சில் அவனை ஜெயித்தவர்கள் அந்த ஏரிக்கரையிலேயே கிடையாது. கிளியாயிற்றே! வரியாள் வாலைச் சுருட்டிக்கொண்டு இறங்கினாள்.

மூன்றாம் நாள் மழை வந்தது. ஜன்னல் வழியே சாரல் புகுந்து, தரையில் ஓடி, விரிசலில் இறங்கி, சொட்டுச் சொட்டாகக் குட்டிகளின் மேல் விழுந்தது. வரியாள் அவற்றின் மேல் கவிழ்ந்து படுத்தாள். அப்படியும் கடைக்குட்டி நனைந்து நடுங்கியது. அதன் வயிறு சில்லிட்டிருந்தது. செத்துவிடுமோ என்ற பயத்தில் அவள் விடிய விடிய அதை நக்கிச் சூடு பண்ணினாள்.

காலையில் மறுபடியும் மேலே ஓடினாள்.

"தண்ணியா?" என்றான் செவ்வலகன். "எங்க வீட்டுல ஒரு சொட்டு இல்லையே. வேணும்னா வந்து பாரு."

உண்மைதான். அவன் படுக்கை மேட்டுப் பக்கம் இருந்தது. அங்கே பஞ்சு போலக் காய்ந்திருந்தது.

"உங்க வீட்டுல நிக்கலண்ணே, எங்க வீட்டுக்கு இறங்குது."

"தண்ணி கீழே போறது அதோட குணம். அதுக்கு நான் என்னம்மா பண்ணட்டும்?"

வேறு வீடு பார்த்துப் போய்விடலாம் என்று வரியாள் ஏரிக்கரை முழுக்க அலைந்தாள். வேப்பமரத்தில் காக்கைக் கூடு இருந்தது. பனைமரப் பொந்தில் கட்டெறும்பு மொய்த்தது. திரும்பி வரும்போது வானம் மறுபடி கறுத்திருந்தது. குட்டிகளை வைத்துக்கொண்டு இனி எங்கே போவது?

கடைசியில் ஆந்தையிடம் சொன்னாள். அந்த மரத்துச் சங்கத்துக்கு ஆந்தைதான் தலைவர். பகலில் தூங்கிவிடுவதால் யாரையும் தொந்தரவு செய்ய மாட்டார் என்றுதான் அவரைத் தலைவராக்கியிருந்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் கவட்டையில் கூட்டம் போட்டார்கள்.

"வரியாள் வீட்டுல தண்ணி ஒழுகுதாம்" என்று ஆந்தை ஆரம்பித்தார். "அதோட, பகல்ல இந்தக் கிளி போடுற சத்தத்துல என் தூக்கமே போச்சு."

"தூக்கத்தை விடுங்க" என்றாள் மைனா மஞ்சமூக்கி. "என் வாசல்ல தினம் கொய்யாத் தோல் விழுது. அதைக் கேளுங்க முதல்ல."

செவ்வலகன் சிரித்தான். "விழுந்த தோலை யாரு தின்னது அக்கா? மிச்சம் வச்சதா ஞாபகம் இல்லையே."

மஞ்சமூக்கிக்குக் கோபம் வந்தது. "நான் என்ன எச்சிப் பொறுக்கியா?" என்று எழுந்தாள். "கவட்டையை அசிங்கம் பண்றது யாருன்னு முதல்ல பேசுவோம்" என்று ஆந்தையைப் பார்த்தாள். ஆந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். எலி எலும்பு, கொய்யாத் தோல், எச்சம், தூக்கம் என்று பேச்சு எங்கெங்கோ போனது. ஜன்னல் என்ற சொல்லே கூட்டத்தில் வரவில்லை. செவ்வலகன் கொட்டாவி விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். வரியாள் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் போன பிறகு மஞ்சமூக்கி குரலைத் தாழ்த்தினாள். "இவன்கிட்டப் பேசிப் பிரயோஜனமில்ல. ஒதுக்கி வச்சுடுவோம். இனிமே அவனுக்கு யாரும் குரல் கொடுக்கக் கூடாது."

"அதெப்படி முடியும்?" என்றார் ஆந்தை. "ஒருத்தருக்குக் கொடுத்தா எல்லாருக்கும்தானே கேக்கும்?"

"பாம்பு நம்ம பக்கம் வந்தா கொடுப்போம். அவன் பக்கம் போனா வாயை மூடிக்குவோம். என்ன வரியா, சரிதானே?"

வரியாளுக்கு அது சரியென்று படவில்லை. ஆனால் சில்லிட்ட அந்தக் குட்டி வயிறு நினைவுக்கு வந்தது. தலையாட்டிவிட்டாள். ஆட்டிய தலை அவளுக்கே பிடிக்கவில்லை.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. மேகம் கறுத்தால் மழையோ என்று பயம். சருகு அசைந்தால் பாம்போ என்று பயம். வந்தால் எந்தப் பக்கம் போகும், நான் என்ன செய்வேன் என்று அதைவிடப் பெரிய பயம்.

ஐந்தாம் நாள் நண்பகல். முந்தின நாள் மழையில் அடிமரம் ஈரமாக இருந்தது. வரியாள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். கவட்டையில் ஏதோ நெளிந்தது. பார்த்தாள். கை மொத்தத்துக்கு ஒரு சாரைப்பாம்பு.

குரல் தொண்டை வரை வந்துவிட்டது. அதற்குள் பாம்பு தலையைத் தூக்கி நாக்கை நீட்டிப் பார்த்து, மேற்குப் பக்கமாகத் திரும்பியது. அங்கே இருந்தது செவ்வலகனின் ஜன்னல்.

எதிர்க் கிளையில் மஞ்சமூக்கியும் பார்த்துவிட்டாள். அலகை இறுக மூடிக்கொண்டு, "வேண்டாம்" என்று தலையை அசைத்தாள்.

பாம்பு ஒரு முழம் ஏறியது. உள்ளே செவ்வலகன் தூங்கிக்கொண்டிருந்தான். 'என் வீடு, என் இஷ்டம்னு சொன்னானே, சொல்லட்டும்' என்று வரியாள் நினைத்தாள். அப்படி நினைக்கும்போது மனசுக்குக் கொஞ்சம் இதமாகக்கூட இருந்தது. பாம்பு இன்னொரு முழம் ஏறியது. அவள் வாயைத் திறக்கவில்லை.

அப்போது அவள் வீட்டுக்குள்ளே சொட்டென்று ஒரு சத்தம் கேட்டது. முந்தின நாள் மழையின் மிச்சம், விரிசலிலிருந்து குட்டிகளின் மேல் விழுந்தது.

வரியாள் திரும்பி விரிசலைப் பார்த்தாள். தண்ணீர் வரும் வழி அது. அந்த வழியில் பாம்பு வராதா? அவள் வாசலைத் தொடாமலே, மேல் வீட்டுக்குள் புகுந்து நேராகக் குட்டிகள் மேல் இறங்கிவிடுமே!

அவள் குரல் கொடுத்தாள். அந்த மரத்தில் அப்படி ஒரு குரலை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

செவ்வலகன் தூக்கத்திலிருந்து எழுந்து வாசலுக்குப் பாய்ந்தான். பாம்பின் தலை அதற்குள் ஜன்னலில் நுழைந்துவிட்டது. அவன் பறந்து தப்பினான். வாலில் இரண்டு நீள இறகு பாம்பின் வாயில் போயிற்று.

இரையைத் தவறவிட்ட பாம்பு உள்ளே சுற்றியது. விரிசலிலிருந்து குட்டிகளின் வாடை வந்தது. உளுத்த மரம் விலகிக் கொடுக்க, அது தலையை அங்கே நுழைத்தது.

வரியாள் கடைக்குட்டியை வாயில் கவ்விக்கொண்டு ஓடினாள். மஞ்சமூக்கி தன் பொந்து வாசலை விட்டு விலகி நின்றாள். வரியாள் அங்கே குட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து இரண்டாவதைத் தூக்கினாள். தலைக்கு மேலே மரத்தூள் உதிர்ந்தது. இரண்டாவதை விட்டுவிட்டு அவள் திரும்பியபோது, பாம்பின் தலையும் கழுத்தும் விரிசலுக்கு வெளியே வந்துவிட்டன. மூன்றாவது குட்டி அதற்கு நேர் கீழே கிடந்தது. அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

செவ்வலகன் எதிர்க் கிளையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பிழைத்துவிட்டான். அவனுக்கு அங்கே இனி வேலை இல்லை. ஆனாலும் அவன் பறந்து வந்து தன் ஜன்னல் வழியாகவே உள்ளே புகுந்தான். மருதமரத்தையே கடித்துத் துளைத்த அந்த அலகால், பாம்பின் வாலை ஒரே கடியாகக் கடித்தான்.

பாம்பு சீறிக்கொண்டு பின்வாங்கியது. விரிசலிலிருந்து தலையை உருவித் திரும்புவதற்குள் செவ்வலகன் வெளியே பறந்துவிட்டான். வரியாள் மூன்றாவது குட்டியோடு ஓடினாள். மஞ்சமூக்கி கத்திக்கொண்டே பாம்பின் தலையைக் கொத்தினாள். ஆந்தைகூட வெயிலில் கண் கூச இறங்கி வந்து இறக்கையால் அறைந்தார். பாம்பு ஜன்னலிலிருந்து நழுவிக் கீழே விழுந்து, புதருக்குள் போய் மறைந்தது.

எல்லாம் அடங்கிய பிறகு செவ்வலகன் முதல் தடவையாகக் கீழ் வீட்டுக்கு வந்தான். நனைந்த நார்ப் படுக்கையைப் பார்த்தான். அதன் மேல் கிடந்த மரத்தூளைப் பார்த்தான். பிறகு வரியாளைப் பார்த்தான்.

"பாம்பு எங்க இருக்கும்போது பார்த்தே?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை.

"கவட்டையில இருக்கும்போதே."

கவட்டையிலிருந்து ஜன்னல் எவ்வளவு தூரம் என்று அவனுக்குத் தெரியும். மொட்டையாகிப் போன வாலைக் கோதினான்.

"முதல் மழை பெஞ்ச அன்னிக்கு" என்றான், "விரிசல் வழியா எட்டிப் பார்த்தேன். மூணும் நனைஞ்சு கிடந்துச்சு. பார்த்துட்டுத்தான் உன்கிட்ட அப்படிப் பேசினேன்."

வரியாள் நனைந்த நாரை அள்ளி வெளியே போட்டாள்.

மறுநாள் காலையில் வரியாள் தென்னந்தோப்பிலிருந்து நார் கொண்டுவந்தாள். மஞ்சமூக்கி எங்கிருந்தோ கந்தல் துணி கொண்டுவந்தாள். செவ்வலகன் எல்லாவற்றையும் அலகால் இடித்து இடித்து ஜன்னலில் அடைத்தான். விரிசலையும் அடைத்தான். சாயங்காலம் மழை கொட்டியது. கீழ் வீட்டில் ஒரு சொட்டு விழவில்லை.

"ஜன்னல் ஆசை போயிடுச்சா தம்பி?" என்று மஞ்சமூக்கி கேட்டாள்.

"சாயங்கால வெயில் கண்ணைக் கூசுது" என்றான் செவ்வலகன். "அதனாலதான் அடைச்சேன். என் வீடு, என் இஷ்டம்."

மஞ்சமூக்கி பதில் சொல்ல அலகைத் திறந்தாள். வரியாள் "போகட்டும் விடு அக்கா" என்று ஜாடை காட்டிவிட்டு வீட்டுக்குள் போனாள். காய்ந்த படுக்கையில் கடைக்குட்டி ஒரு கண்ணை மட்டும் திறந்து அவளைப் பார்த்தது.

சேர்ந்து குடியிருக்கும் இடத்தில், அடுத்த வீட்டுக்காரர் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும், அவர் வீட்டுக்கு வரும் ஆபத்தைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பவர் தம் வீட்டுக்கே அதற்கு வழி விடுகிறார்.