வெடிக்காத மூஞ்சி

குரு, சிஷ்யன்னு சொன்ன உடனே கண்ணை மூடிக்கிட்டீங்களே! ஆத்தங்கரை, ஆலமரம், வெள்ளைத் தாடி, எல்லாம் வந்திருச்சு இல்ல? கண்ணைத் தொறங்க. இது தகரக் கொட்டகை. திருவிழா பொம்மைகளுக்கு மண்ணுல முகம் அச்செடுக்கிற பட்டறை. தரையில ஏகாம்பரம் மல்லாக்கப் படுத்திருக்கான். மூஞ்சி பூரா ஈரமண்ணு. மூச்சு விட மூக்குல ரெண்டு பப்பாளிக் காம்புக் குழல்.

அந்தப் பட்டறையில ஒரு வழக்கம். தொழில் கத்துக்கிட்டவன் கடைசியா தன் மூஞ்சியவே அச்சுக்குக் குடுக்கணும். மண்ணு காயுற வரைக்கும் விரிசல் விழலைன்னா தனிப் பட்டறை போடலாம். விழுந்துச்சா, அடுத்த மாசி வரைக்கும் வாத்தியார்கிட்டயே மண்ணு மிதிக்கணும். ஏகாம்பரம் கடைக்கு இடம் பார்த்து, போர்டுகூட எழுதி வாங்கிட்டான்.

மூஞ்சியும் தயார் பண்ணித்தான் வந்திருந்தான். நெத்தியில சுருக்கம் கூடாது. உதட்டுல சிரிப்பு இருக்கணும், ஆனா சிரிச்ச மாதிரி தெரியக் கூடாது. செவுத்துல மாட்டினா, ‘என்ன அடக்கமான மனுஷன்’னு பாக்குறவன் சொல்லணும். கண்ணாடி முன்னாடி நின்னு நின்னு பழகின மூஞ்சி.

மண்ணு காய ஆரம்பிச்சுது. தோலை இழுக்குது. கன்னம் கடுக்குது. அந்தச் சிரிப்பைப் புடிச்சு வைக்கவும் முடியல, விடவும் பயம்.

சடையாண்டி வாத்தியார் காதுகிட்ட குனிஞ்சாரு. "ஏகாம்பரம், உசுரோட இருக்கியா?"

‘ம்’னு சொன்னாக்கூட போச்சு. அவன் அசையல.

"சாமி மாதிரி இருக்கடா. அப்படியே இரு."

சாமி மாதிரி! சிரிப்பை இன்னும் கொஞ்சம் அடக்கமா ஆக்கலாமேன்னு தோணுச்சு. அவ்வளவுதான்.

டிக்.

ஏகாம்பரம் மண்ணைப் பிச்சு எறிஞ்சுட்டு எழுந்தான். "பேச்சுக் குடுத்துக் கெடுத்துட்டீங்களே வாத்தியாரே!"

"நான் பேசினது காதுல. வெடிச்சது கன்னத்துல."

"அப்ப எந்த மூஞ்சியத்தான் வெச்சுக்கிறது? சொல்லித் தொலைங்களேன்!"

"எதையும் வெச்சுக்காத. சும்மா படு."

"மனுஷனால முடியிற காரியமா அது?"

வாத்தியார் செவுத்தைக் காட்டினாரு. அங்க அவரோட மண்முகம் தொங்குது. ஒரு கீறல் கிடையாது. "நான் படுக்கலையா?"

ஏகாம்பரத்துக்குக் கண்ணு கலங்கிருச்சு. அப்படியே அவரு கால்ல விழக் குனிஞ்சான். வாத்தியாரும் ஆசீர்வாதத்துக்குக் கையைத் தூக்கிட்டாரு.

டீ கொண்டுவந்த வாத்தியார் சம்சாரம் காத்தாயிக்குப் பாக்கச் சகிக்கல.

"அட, இதுக்குப் போய் ஏன்யா அழுவுற? முழிச்சிருந்து மூஞ்சி குடுத்தப்பல்லாம் இவருக்கும்தான் வருஷா வருஷம் வெடிச்சுது. செவுத்துல இருக்கிறது, மனுஷன் குறட்டை விட்டுத் தூங்கினப்ப வந்தது!"