வெளியே நின்ற மூன்று மில்லிமீட்டர்

பம்ப் கம்பெனியில் தண்டும் போல்ட்டும் வடிவமைத்தே தலை நரைத்த திருமூர்த்திக்கு, ஐம்பது தாண்டிய பிறகு ஒரு குரு வாய்த்தார். டாக்டர் ஜெசிந்தா. வயதில் மகள் மாதிரி. கம்பெனி புதிதாகத் தொடங்கிய பல் திருகுப் பிரிவின் சோதனைக்கூடத்துக்குத் தலைவி. தாடை எலும்பில் முடுக்கி, அதன்மேல் பல் கட்டுகிற திருகு. ஜெசிந்தாவை அவர் கிண்டலாக ‘டீச்சர்’ என்று கூப்பிட ஆரம்பித்து, போகப்போக அது நிஜமாகிவிட்டது.

அந்த மாதம் டீச்சர் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

திருமூர்த்தி செய்த திருகு ஒல்லியானது. தாடை சன்னம் என்று டாக்டர்கள் திருப்பி அனுப்பிய தன் மனைவியை மனதில் வைத்துச் செய்தது. எலும்புக்குப் பதிலாக இறுகிய பிசினில் அதைக் கழுத்துவரை புதைத்து இயந்திரத்தில் மாட்டினார். மெல்லுகிற மாதிரி சாய்வாக லட்சக்கணக்கான தடவை அழுத்திப் பார்த்தும் திருகுக்கு ஒன்றும் ஆகவில்லை. மனிதருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஜெசிந்தா வந்து பார்த்தார். “மூணு மில்லிமீட்டர் வெளியே நிக்கிற மாதிரி புதைச்சு, மறுபடி ஓட்டுங்க சார்.”

ஓட்டினார். திருகு உடைந்தது. வடிவத்தை மாற்றி இன்னொன்று செய்தார். அதுவும் உடைந்தது. இதற்குமேல் காத்திருக்க முடியாது, சோதனையில் தேறியதாக ஜெசிந்தாவின் கையெழுத்தோடு அறிக்கை வராவிட்டால் இந்தத் திருகை மூட்டை கட்டிவிடலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

திருமூர்த்திக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. உடைந்த துண்டோடு நேராக டீச்சரிடம் போய் நின்றார்.

“ஒரு சந்தேகமுங்க டீச்சர்.”

“கேளுங்க சார்.”

“எந்த டாக்டராவது திருகை மூணு மில்லிமீட்டர் வெளியே விட்டு வைப்பாங்களா?”

“வைக்க மாட்டாங்க.”

“கழுத்து வரைக்கும் இறக்கித்தானுங்களே வைப்பாங்க?”

“ஆமா.”

“அப்ப நான் மொதல்ல புதைச்சது சரிதானுங்களே?”

“சரிதான்.”

“அந்த மொதல் சோதனை அறிக்கையில கையெழுத்துப் போடுவீங்களா?”

“மாட்டேன்.”

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது அவருக்கு. கூடவே கோபமும் வந்தது.

“சரிங்கறீங்க, கையெழுத்துப் போட மாட்டேங்கறீங்க. எம்மேல ஏதாச்சும் வருத்தமுங்களா?”

ஜெசிந்தா மேஜைமேல் கிடந்த எஃகு ஸ்கேலை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தார். திருமூர்த்தியின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் காட்டினார்.

“இது யாரு சார்?”

“நான்தானுங்க. வேலைக்குச் சேர்ந்தப்ப எடுத்தது.”

படத்திலிருந்த ஆளுக்குப் புருவத்தைத் தொடும்படி முடி அடர்ந்து கிடந்தது. ஜெசிந்தா ஸ்கேலைத் திருமூர்த்தியின் புருவத்தில் வைத்து நெற்றியோடு மேலே பிடித்தார். பாதி ஸ்கேல் போயும் முடியைக் காணோம்.

“எங்க சார் போச்சு?”

“வயசாச்சுங்க. கொஞ்சங் கொஞ்சமா ஏறிப்போச்சு.” கூச்சத்துடன் தலையைத் தடவிக்கொண்டார்.

“அப்ப இந்த ஃபோட்டோ தப்பா?”

“தப்பில்லீங்க. எடுத்த அன்னிக்கு அப்படித்தான் இருந்தேன்.”

“திருகைச் சுத்தி இருக்கற எலும்பும் அப்படித்தான். வருஷம் போகப்போக இறங்கும்.”

திருமூர்த்தி கையிலிருந்த உடைந்த துண்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பாதி புரிந்த மாதிரியும் இருந்தது, முழுக்கக் குழம்பின மாதிரியும் இருந்தது. திருகை விடவும் மனசில்லை.

“எல்லாருக்குமா இறங்கிடும் டீச்சர்? இறங்காத ஆளுக்கு இது போதுமுங்களே.” அட்டையிலிருந்த படத்தைத் தொட்டுக் காட்டினார். “இவனுக்காவது கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

“போடறேன்” என்றார் ஜெசிந்தா. “மத்தியானம் சாப்பாட்டுக்கு அவரைக் கூட்டிட்டு வாங்க.”