வாசல் தகட்டில் ஒரு புள்ளி

முன்னொரு காலத்தில், ஊர் பேர் தெரியாத ஒருவன் ஒரு ராஜாவின் சபைக்குள் நுழைந்து, நட்டநடுவில் உட்கார்ந்து தாம்பூலம் போட்டுவிட்டுப் போய்விட்டான். ராஜாவுக்கு மானமே போய்விட்டது. "இனி ஓலையில் பெயர் எழுதிக் காட்டுகிறவர்தான் வாசலைத் தாண்டலாம். எந்தப் பெயர் செல்லும், எது செல்லாது என்று பார்த்தவுடனே தெரிய ஓர் அச்சு வேண்டும்!" என்று உத்தரவு போட்டார்.

அமைச்சர் சாத்தனுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. சபையில் மாறன், கொற்றன், பூதன் என்று எல்லோருடைய பெயரும் 'ன்' என்றே முடியும். விகடகவி வீரபாகு ஒருவன்தான் விலக்கு. அவன் பேச்சுக்கு ராஜா சிரிக்கும்போதெல்லாம் சாத்தனுக்கு வயிறு எரியும். உடனே செப்புத் தகட்டில் அச்சை வெட்டி வாசலில் மாட்டிவிட்டார். முதலில் ஒரு புள்ளி, பக்கத்தில் 'ன்'. அதன் கீழே விதி: 'புள்ளி உள்ள இடத்தில் எந்த எழுத்தும் வரலாம், எத்தனையும் வரலாம். மற்றது எழுதியபடியே இருக்க வேண்டும். பொருந்தாத பெயரோடு நுழைந்தால் தலை போகும். சபைக்கு வராதவர் நாட்டை விட்டே போக வேண்டும்.'

வீரபாகுவும் வந்து தகட்டைப் படித்தான். உள்ளே போனால் தலை இல்லை, போகாவிட்டால் ஊர் இல்லை. பிறரைச் சிரிக்க வைத்தே பிழைக்கிறவனுக்கு அன்று அழுகைதான் வந்தது. மறுபடியும் எழுத்தெழுத்தாகப் படித்தான். பிறகு ஓலையைக் காவலர் கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே நடந்தான். அவர்கள் ஓடிவந்து பிடித்து ராஜாவின் முன் நிறுத்தினார்கள்.

"வீரபாகு! பொருந்தாத பெயரோடு ஏன் நுழைந்தாய்?"

"பொருந்துகிறதே, மகாராஜா! 'ன்' தலையிலும் ஒரு புள்ளி இருக்கிறதல்லவா? புள்ளி உள்ள இடத்தில் எந்த எழுத்தும் வரலாம். என் 'கு' வந்துவிட்டது."

சாத்தன் துள்ளி எழுந்தார். "பிதற்றுகிறான், மகாராஜா! அது எழுத்தின் புள்ளி. எழுதியபடியே இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அது 'ன', 'ன்' ஆகாது!"

"அமைச்சர் பெருமான் சொன்னால் சரிதான். அவருடைய ஓலையையும் கொண்டுவரச் சொல்லுங்கள், மகாராஜா."

ஓலை வந்தது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்று அந்த நாட்டில் யாரும் ஓலையில் புள்ளி வைப்பதில்லை. அமைச்சரும் வழக்கப்படி 'சாததன' என்றே எழுதியிருந்தார்.

"எந்த எழுத்தும் வரலாம் என்றால் நான் உள்ளே இருக்கலாம், மகாராஜா. எழுதியபடியே என்றால் இந்தச் சபையில் ஒரு தலை மிஞ்சாது."

சாத்தனின் கை தானாகக் கழுத்தைத் தடவியது. ராஜா சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்து விதியைத் திருத்தினார்: "எழுத்தின் தலையில் உள்ள புள்ளி அந்த எழுத்துக்கே சொந்தம். ஓலையில் அது விட்டுப்போனால் குற்றமில்லை. தனியே நிற்கும் புள்ளிக்குத்தான் எந்த எழுத்தும் வரும்."

"ஐயோ, மகாராஜா! இவ்வளவு தெளிவாக எழுதினால் நான் வெளியே அல்லவா நிற்க வேண்டும்?" என்று வீரபாகு பதறினான்.

ராஜா தன் கிரீடத்திலிருந்து ஒரு முத்தைக் கழற்றி அவன் தலைப்பாகையில் பதித்தார். "இதோ, தனியே நிற்கும் புள்ளி. நீ எப்போது வேண்டுமானாலும் வரலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம்."

வீரபாகுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.