‘அதாவது’ வந்த கதை

“என்னைய ‘அதாவது’ன்னு கூப்பிடுறாங்க, தோழர்” என்றார் வக்கீல் மதிவாணன்.

அவர் பஞ்சாலைச் சங்கத்தின் புதிய செயலாளர். மறுநாள் நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தை. நீங்கள் வர வேண்டாம், நாங்களே பேசிக்கொள்கிறோம் என்று பெண் தொழிலாளர்கள் சொல்லிவிட்டார்கள். இருபது வருஷம் கோர்ட்டில் நின்றவருக்கு அது தாங்கவில்லை. சங்கத்தை உண்டாக்கிய சங்கிலியிடம் வந்திருந்தார்.

சங்கிலி சிரித்தார். “அந்தச் சொல்லு இன்னும் இருக்கா?”

“என்ன அர்த்தம்?”

“அவங்களுக்குச் சொல்லத் தெரியாது, நாமதான் சொல்லணும்னு நினைக்கிற ஆளு.”

“எங்கேயிருந்து வந்தது?”

சங்கிலியின் முகம் இளகியது. அந்தக் காலத்தில் மைக் ஏது? மில் வாசலில் தகரக் குழாயை வாயில் வைத்துப் பேசினோம் என்றார். மை காயாத துண்டறிக்கையை ஒருவர் படிப்பார். முந்நூறு பேர் மழையில் நின்று கேட்பார்கள். அப்படிக் கேட்கிற காதுகள் இப்போது எங்கே இருக்கின்றன என்றார்.

அப்படியொரு கூட்டத்தில்தான் நூல் சுற்றுகிற ரீலிங் பிரிவு முக்கம்மாள் முதல்முறையாகப் பேசினாள்.

“எட்டு மணி நேரம் நிக்கிறோம். உக்கார ஒரு ஸ்டூல் வேணும்.”

அவ்வளவுதான். குழாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

தலைவர் வாங்கினார். “அதாவது, தோழர்களே, முக்கம்மாள் கேட்பது கண்ணியம்” என்று ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் பேசினார். அந்தக் கைதட்டலைப் பிறகு எந்தக் கூட்டத்திலும் கேட்டதில்லை என்றார் சங்கிலி.

நாற்பத்தோரு நாள் வேலைநிறுத்தம். ஜெயித்தார்கள். ஒப்பந்தத்தின் முதல் வரியிலேயே கண்ணியம் இருந்தது.

“ஸ்டூல்?”

“வரலை. முக்கம்மா நின்னுக்கிட்டேதான் ரிட்டயர் ஆனா.”

வக்கீலுக்குக் கோபம் வந்தது. “யாரு அந்தத் தலைவர்?”

“துண்டறிக்கை படிச்சே தமிழ் கத்துக்கிட்டவன். பேச்சுல அவனை ஜெயிக்க ஆள் கிடையாது. அவன் முகத்துக்கு நேரா யாரும் அந்தப் பேரைச் சொன்னதில்லை. நான் வாசலுக்கு வந்தா மட்டும் ரீலிங் பொம்பளைங்க முந்தானையால வாயைப் பொத்திக்குவாங்க.”

வக்கீல் குனிந்து மடியிலிருந்த கோப்பைப் பார்த்தார்.

“சரி வக்கீலே” என்றார் சங்கிலி. “நாளைக்கு அவங்க என்ன கேக்கப் போறாங்க?”

மதிவாணன் கோப்பைத் திறந்தார். பதினோரு கோரிக்கைகள், ஒவ்வொன்றுக்கும் சட்டப் பிரிவு.

“அது நீங்க எழுதினது. அவங்க?”

“அதாவது...” என்று ஆரம்பித்தார் வக்கீல். நிறுத்திக்கொண்டார். கோப்பை மூடினார்.

“தெரியலை, தோழர்” என்றார்.